தலை திருப்பும் எல்.இ.டி. விளக்கு: கூத்து மேடைக்கு நாமே செய்துகொள்வது எப்படி

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் கூத்து உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை போகும். தீவட்டி, பெட்ரோமாக்ஸ், டியூப்லைட், ஹாலோஜன் ஃபோகஸ் என்று வெளிச்சம் மாறி வந்து, இப்போது ரேடியோ செட்காரரே நாலு எல்.இ.டி. பார் லைட்டும் ஒரு ஜோடி ஷார்பியும் கொண்டுவந்து இறக்குகிறார். ஷார்பி கல்யாண ஊர்வலத்துக்கும் டிஜே மேடைக்கும் சரி. கூத்துக்கு அது ஆகாது என்பதே என் கட்சி. ஊசி மாதிரி இறங்கும் ஒளிக்கற்றை ஆடுபவர் கண்ணைக் கூச வைக்கும், கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் பட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணிலும் தெறிக்கும்.

கூத்துக்கு வேண்டியது மிதமான அகலமுள்ள, மெல்ல மங்கி மெல்ல ஏறும், சத்தமில்லாமல் ஆளைப் பின்தொடரும் ஒரு விளக்கு. அதாவது சிறிய 'வாஷ்' (பரவலாக ஒளி விழும்) வகை மூவிங் ஹெட், தலை தானாகத் திரும்பும் விளக்கு. அதை ஐம்பது வாட் அளவில் எப்படி வடிவமைப்பது என்று இங்கே பார்ப்போம். சாலிடரிங் தெரிந்திருக்க வேண்டும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆர்டுயினோ மாதிரி ஏதாவது ஒரு போர்டில் எல்.இ.டி. மினுக்கியாவது பார்த்திருக்க வேண்டும். அது போதும்.

செலவைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. மலிவு என்றால் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பாகத்தைப் பொறுக்குவது இல்லை. நடு இரவில், நடுக் கூத்தில் விளக்கு நின்றுபோனால் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து அரை மணியில் மாற்றக்கூடிய பாகங்களாக இருக்க வேண்டும். அதனால் எல்லாமே தனித்தனி மாட்யூல், எல்லாமே எங்கும் கிடைக்கும் அளவு. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அங்கேயே முடியும். தகடு வெட்ட, கடைசல் பிடிக்க ஓசூரில் ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய. படத்தை டி.எக்ஸ்.எஃப். என்ற கணினி வரைபடக் கோப்பாகக் கொடுத்தால் லேசரில் வெட்டித் தருவார்கள்.

ஒளியிலிருந்து தொடங்குங்கள்

பலரும் மோட்டாரில் தொடங்குகிறார்கள், தலை திரும்புவதைப் பார்க்கும் ஆசையில். அது தப்பான வரிசை. எல்.இ.டி. எத்தனை என்பது வெப்பத்தைத் தீர்மானிக்கும். வெப்பம் ஹீட்சிங்க்கின் (சூட்டை உறிஞ்சி வெளியே விடும் உலோகத் துண்டு) எடையையும், அந்த எடை மோட்டாரையும் தீர்மானிக்கும். எதிர்த் திசையில் போனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாங்க நேரும்.

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் ஒரே சில்லில் இருக்கும் பத்து வாட் எல்.இ.டி. எடுங்கள். நிறத்துக்கு ஒரு எல்.இ.டி. என்று தனித்தனியாக வைத்தால் மலிவுதான். ஆனால் நடிகரின் நிழல் மண்ணில் சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, நீலமாக ஒன்று என்று பிரிந்து விழும். கூத்தில் ஆட்டமே காலில் இருக்கிறது. அந்த இடத்தில் வானவில் நிழல் ஆடினால் பார்க்கச் சகிக்காது.

எத்தனை எல்.இ.டி.? கடையில் விற்கும் சிறிய வாஷ் விளக்குகளில் ஏழு இருக்கும், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நாம் ஆறோடு நிறுத்துவோம். காரணம் மின்னழுத்தம். பச்சை, நீலம், வெள்ளை மூன்றுக்கும் ஒரு சில்லுக்குச் சுமார் 3.2 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2.2 போதும். ஏழைத் தொடராக இணைத்தால் 22.4 வோல்ட். 24 வோல்ட் சப்ளையில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் வேலை செய்ய இடமே இருக்காது. ஆறு என்றால் 19.2, நிம்மதியான இடைவெளி. 700 மில்லி ஆம்பியரில் ஓட்டினால் நான்கு நிறமும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது வாட் வரும்.

ஒவ்வொரு நிறத் தொடருக்கும் ஒரு மாறா மின்னோட்ட டிரைவர், ஆக நான்கு. பி.டி. 4115 சிப் போட்ட மாட்யூல் எளிதில் கிடைக்கும். 30 வோல்ட் வரை தாங்கும், 1.2 ஆம்பியர் வரை கொடுக்கும், மங்கவைக்கத் தனிப் பின் இருக்கிறது. மின்னோட்டத்தை ஒரு சிறு மின்தடைதான் நிர்ணயிக்கிறது: 0.1ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர். 700 மில்லி ஆம்பியருக்கு 0.14 ஓம் பக்கம் வரும். வாங்கிய மாட்யூலில் என்ன போட்டிருக்கிறான் என்பதைப் பார்த்துவிட்டே எல்.இ.டி.யை இணையுங்கள். ரெசிஸ்டரை மட்டும் வைத்து எல்.இ.டி.யை ஓட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சூடு ஏற ஏற எல்.இ.டி.யின் வோல்ட் இறங்கும், மின்னோட்டம் கூடும், அது இன்னும் சூட்டைக் கூட்டும்.

லென்ஸ் 25 டிகிரி. எட்டு மீட்டர் தூரத்தில் அது சுமார் மூன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டமாக விழும். ஒரு வேஷக்காரர் சுழன்று ஆட அது போதும். பத்து டிகிரி லென்ஸ் போட்டால் வட்டம் ஒன்றரை மீட்டருக்கும் கீழே போய்விடும், ஒரு சுற்றுச் சுற்றினாலே ஆள் இருட்டுக்குள் போய்விடுவார்.

மங்கும்போதுதான் தரம் தெரியும்

திரை பிடித்து வேஷம் வெளிப்படும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் பாட்டு ஓடுகிறது, சலங்கை கேட்கிறது, திரை விலகுகிறது. அப்போது வெளிச்சம் பூஜ்யத்திலிருந்து ஒழுகி வர வேண்டும். மலிவு விளக்குகளில் அது படிப்படியாகக் குதித்துத்தான் வரும். வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட இந்தக் கீழ்முனையில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். 512 முறையில் ஒரு சேனலின் மதிப்பு 0 முதல் 255 வரை. அதை அப்படியே எல்.இ.டி.க்குக் கொடுத்தால் முதல் ஐம்பது அறுபது படிக்குள்ளேயே கண்ணுக்குப் பாதி வெளிச்சம் வந்துவிட்ட மாதிரி இருக்கும், மீதிப் படிகளில் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. கண் அப்படித்தான் பார்க்கிறது. அதனால் மதிப்பை 255ஆல் வகுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தி அனுப்ப வேண்டும். கட்டளை அனுப்பும் கருவியின் ஸ்லைடர் நடுவில் இருக்கும்போது உண்மையில் 22 சதவீத மின்சாரம்தான் போகும். ஸ்லைடர் 10இல் இருக்கும்போது 0.08 சதவீதம். 255 படி மட்டுமே உள்ள பி.டபிள்யூ.எம்.மில் (விளக்கை வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) இந்த 0.08 பூஜ்யமாகவே விழுந்துவிடும். அதனால் 16 பிட், அதாவது 65,536 படி வேண்டும்.

இங்கேதான் ஆர்டுயினோ மாதிரியான இ.எஸ்.பி. 32 போர்டு கைகொடுக்கிறது. அதன் 80 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 65,536ஆல் வகுத்தால் 1,220 ஹெர்ட்ஸ். ஒரு நொடிக்கு 1,220 முறை மினுக்கும் 16 பிட் பி.டபிள்யூ.எம். எந்த வித்தையும் இல்லாமல் கிடைக்கிறது. கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. செல்போன் வீடியோவிலும் பெரும்பாலும் கோடு விழாது. எல்லாரும் படம் பிடிக்கும் காலத்தில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் டிரைவர் சிப்புக்கும் ஒரு சோம்பல் உண்டு. ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான துடிப்பைக் கொடுத்தால் அது அசையாது. எந்த மதிப்பில் முதல் வெளிச்சம் எட்டிப்பார்க்கிறது என்று இருட்டு அறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லைடரின் 1ஐ அந்த மதிப்பில் பொருத்தி, அங்கிருந்து மேலே 2.2 வளைவை ஏற்றுங்கள். நான்கு நிறமும் சேர்ந்து எழுந்தால் வெள்ளை வெள்ளையாகவே வரும். இல்லையென்றால் தொடக்கத்தில் சிவந்தோ பச்சையாகவோ எட்டிப்பார்க்கும்.

அரிதாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு பூசிய முகத்தில் தனிப் பச்சை அடித்தால் முகம் கறுத்துவிடும். சிவப்புச் சாயம் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பாது. எந்த நிறம் போட்டாலும் வெள்ளைச் சேனலைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.

வெப்பம்

ஐம்பது வாட்டில் சுமார் 35 வாட் சூடாகப் போகிறது என்று கணக்கு வையுங்கள். வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட்சிங்க் என்றால் 35 டிகிரி ஏற்றம். சித்திரை மாதப் பகலில் தகரக் கொட்டகைக்குள் நாற்பது டிகிரியில் சோதித்தால் ஹீட்சிங்க் 75ஐத் தொடும். எல்.இ.டி.யின் உள்ளே அதைவிட அதிகம். அது ஆகாது, இன்னும் நல்ல ஹீட்சிங்க் வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பிராசசர் கூலர் காயலான் கடையில் கிடைக்கும். 65 வாட் பக்கம் சூட்டை அள்ளிப் போகச் செய்யப்பட்டது, விசிறியும் சேர்ந்தே வரும், வட்டமாக இருப்பதால் ஆறு எல்.இ.டி. போட்ட அலுமினியப் பலகை மேலே அழகாக உட்காரும். இடையில் தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக. அப்பிவிடக் கூடாது.

பலகையில் எல்.இ.டி.க்குப் பக்கத்தில் ஒரு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (சூட்டை அளக்க உதவும் மின்தடை) ஒட்டுங்கள். 60 டிகிரி தாண்டினால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவும், 75ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கவும் நிரலில் எழுதுங்கள். சட்டென்று அணைக்கக் கூடாது. மேடையில் அணைந்த விளக்கு எல்லார் கண்ணிலும் படும், மங்கிய விளக்கு யார் கண்ணிலும் படாது.

மழை பெய்த இரவில் ஈசல் வரும். விசிறி காற்றை உறிஞ்சும் பக்கம் கொசுவலைத் துணி ஒன்றைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். ஒரு கூத்து முடிந்தால் அதைத் தட்டிவிட வேண்டும். புழுதி அடைத்த வலையால் விசிறி இருந்தும் பயனில்லை.

தலையைத் திருப்புவது

கடை விளக்குகள் இடவலமாக 540 டிகிரி திரும்பும். நமக்கு எதற்கு? விளக்கு பந்தல் ஓரத்தில் நிற்கிறது, மேடை ஒரு பக்கம்தான் இருக்கிறது. இடவலம் 340 டிகிரி, மேல்கீழ் 200 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு போல்ட் தடுப்பாகப் போதும், உள்ளே போகும் வயரும் ஒரு சுற்றுக்கு மேல் முறுக்கிக்கொள்ளாது. வயர் முறுக்காமல் சுழல விடும் ஸ்லிப் ரிங் தேவையே இல்லை. வயர் மட்டும் சிலிகான் உறை போட்டதாக இருக்கட்டும். சாதா பி.வி.சி. வயர் ஒரு சீசனில் உள்ளே அறுந்து, வெளியே நல்லபடி தெரியும்.

நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு. 3டி பிரிண்டருக்குப் போடுவதுதான். ஒரு சுற்றுக்கு 200 படி, படிக்கு 1.8 டிகிரி. நேராகத் தலையை மாட்டினால் ஒவ்வொரு படியும் குதிப்பாகத் தெரியும். இருபது பல் கப்பியிலிருந்து நூறு பல் கப்பிக்கு ஜி.டி.2 பெல்ட் போட்டு ஐந்தில் ஒன்றாகக் குறையுங்கள். மோட்டார் டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் வையுங்கள், ஒரு படி 16 நுண்படியாகப் பிரியும். 200 × 16 × 5 என்றால் முழுச் சுற்றுக்கு 16,000 படி. ஒரு படி 0.0225 டிகிரி. கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவது போலத்தான் இருக்கும்.

மோட்டார் டிரைவராக ஏ.4988 மலிவு, ஆனால் 'ஙொய்' என்று முனகும். முகவீணை வாசிக்கும்போது பக்கத்தில் அது கேட்கும். டி.எம்.சி. 2209 கொஞ்சம் கூட விலை, கிட்டத்தட்ட சத்தமே வராது. இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். எம்.எஸ்.1, எம்.எஸ்.2 இரண்டு பின்னையும் மேலே இழுத்துக் கட்டினால் 16 மைக்ரோஸ்டெப். சப்ளைப் பின்னுக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் அந்த நொடியே போய்விடும். கரண்ட் இல்லாதபோது தலையைக் கையால் வேகமாகச் சுழற்றுவதும் அதே வேலையைச் செய்யும், மோட்டார் அப்போது டைனமோ ஆகிவிடுகிறது.

தலையின் எடை மேல்கீழ் அச்சில் சமனாக இருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தலையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஹீட்சிங்க் பக்கம் சாய்ந்தால் முன்னால் ஒரு இரும்பு வாஷர் சேருங்கள், அல்லது அச்சுத் துளையை நகர்த்துங்கள். சமன் சரியாக இருந்தால் சிறிய மோட்டாரே போதும். அதை விட்டுவிட்டுப் பெரிய மோட்டார் வாங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

தான் எங்கே நிற்கிறோம் என்பது ஸ்டெப்பருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு அச்சிலும் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் சிறு காந்தமும் வைத்து, கரண்ட் வந்ததும் மெல்லத் தேடிப் போய் அங்கிருந்து எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். ஏ.3144 சென்சாருக்கு 5 வோல்ட் கொடுங்கள், அதன் வெளியீட்டை 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுங்கள். இ.எஸ்.பி. 32இன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கா. தேடும் நேரத்தில் எல்.இ.டி. அணைந்தே இருக்கட்டும். ஈ.பி. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். விளக்கு எரிந்தபடி வானத்தையும் மரத்தையும் துழாவினால் கூட்டம் சிரித்துவிடும்.

கட்டளை வந்து சேருவது

டி.எம்.எக்ஸ். 1986இல் வந்தது, இன்றைக்கும் எல்லா மேடையிலும் அதுதான். நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில், ஆர்.எஸ். 485 மின்முறையில், ஒரே வயரில் 512 சேனல். எக்ஸ்.எல்.ஆர். இணைப்பியில் 1ஆம் பின் கிரவுண்டு, 2 மைனஸ் டேட்டா, 3 பிளஸ் டேட்டா. இந்த மின்முறையைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றும் மேக்ஸ் 3485 சிப் 3.3 வோல்ட்டிலேயே ஓடும் என்பதால் இ.எஸ்.பி. 32க்கு நேராக இணையும். மேக்ஸ் 485 என்ற 5 வோல்ட் சிப் கையில் இருந்தால் அதன் வெளியீட்டை இரண்டு மின்தடை வைத்து இறக்கிக் கொடுங்கள்.

சேனல் பட்டியலை முதலிலேயே முடிவு செய்து, தகட்டின் மேல் ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள். என் பரிந்துரை பத்து: 1 இடவலம், 2 இடவலம் நுண்மை, 3 மேல்கீழ், 4 மேல்கீழ் நுண்மை, 5 மொத்த வெளிச்சம், 6 சிவப்பு, 7 பச்சை, 8 நீலம், 9 வெள்ளை, 10 மினுக்கல். நுண்மைச் சேனல் ஏன் என்றால், 340 டிகிரியை 255 படியாகப் பிரித்தால் படிக்கு 1.33 டிகிரி. பத்து மீட்டர் தூரத்தில் ஒளிவட்டம் ஒவ்வொரு படிக்கும் 23 சென்டிமீட்டர் தாவும். இரண்டு சேனலைச் சேர்த்து 65,536 படியாக்கினால் அந்தத் தாவல் காணாமல் போகும்.

இன்னொரு தாவல் நேரத்தில் இருக்கிறது. முழு 512 சேனலும் ஒருமுறை வந்து சேர 23 மில்லி நொடி ஆகும், நொடிக்கு 44 முறைதான் புதுக் கட்டளை. ஒவ்வொன்றுக்கும் மோட்டார் ஓடி நின்று ஓடினால் நடுங்கும். புதுக் கட்டளையை இலக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்துப் போகச் சொல்லுங்கள். ஃபாஸ்ட் ஆக்ஸல் ஸ்டெப்பர் என்ற இலவச நூலகம் இதை இ.எஸ்.பி. 32இல் செய்து கொடுக்கும். கட்டளை வயர் பிடுங்கிக்கொண்டால் கடைசியாக இருந்த நிலையிலேயே விளக்கு நிற்க வேண்டும், அணையக் கூடாது.

கடைசி விளக்கின் வெளியீட்டில் 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே 120 ஓம் மின்தடை ஒன்றைப் போடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் 'நாலாவது லைட்டு தானா ஆடுது' என்று பேய் ஓட்டுகிறார்கள். மைக் கேபிளை டி.எம்.எக்ஸ்.க்குப் பயன்படுத்துவதும் அந்த வகைதான். பத்தடிக்கு ஓடும், பந்தலின் அந்தக் கோடிக்கு ஓடாது.

ஓட்டிப் பார்க்க விலையுள்ள கன்சோல் வேண்டாம். க்யூ.எல்.சி. பிளஸ் என்ற இலவச மென்பொருள் பழைய லேப்டாப்பில் ஓடும். யு.எஸ்.பி.யிலிருந்து டி.எம்.எக்ஸ்.க்கு ஒரு சிறிய மாற்றி மட்டும் வாங்குங்கள்.

மின்சாரமும் தொங்கவிடுவதும்

எல்.இ.டி. ஐம்பது வாட், இரண்டு மோட்டாரும் சேர்ந்து இருபது, விசிறியும் மற்றவையும் ஐந்து, டிரைவர்களின் இழப்பு கொஞ்சம். நூறு வாட்டுக்குள் அடங்கும். 24 வோல்ட், 150 வாட் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 24ஆக மாற்றும் பெட்டி) வாங்கினால் சூடாகாமல் இரவு முழுக்க ஓடும். துளைபோட்ட தகரப் பெட்டி மாதிரி வருமே, அதன் பக்கவாட்டில் 110, 230 என்று ஒரு சிறு சுவிட்ச் இருந்தால் 230இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். மாறி இருந்தால் வெடிக்கும். விசிறிக்கு 12, போர்டுக்கு 5 என்று வோல்ட்டை இறக்கும் எல்.எம். 2596 மாட்யூல் இரண்டு. மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டைத் திருகிச் சரிசெய்த பிறகே போர்டை இணைக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். தலைக்குள் வேண்டாம், அடிப்பெட்டிக்குள் இருக்கட்டும். உடம்பு முழுக்க அலுமினியம் என்பதால் எர்த் வயர் கட்டாயம், அடிப்பெட்டிக்கும் தலைக்கும் தனித்தனியாக. கோயில் மைதானத்தில் பச்சை வயரை வெட்டிவிட்டு இரண்டு வயரை மட்டும் பிளக்கில் செருகும் பழக்கம் இருக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாமல் விளக்கை ஏற்ற மாட்டேன் என்று விழாக் குழுவிடம் சொல்லிவிடுங்கள், செலவை நீங்களே ஏற்றாலும் சரி.

சவுக்குக் கம்பத்தில் தொங்கவிட்டால் தலை திரும்பும்போது கம்பம் ஆடும், ஒளிவட்டமும் ஆடும். கம்பத்தை இரண்டு பக்கமும் கயிறு கட்டி இறுக்குங்கள், தலையின் முடுக்கத்தையும் நிரலில் பாதியாக்குங்கள். உயரம் மூன்று, நான்கு மீட்டர், முகத்துக்குப் பக்கவாட்டில் நாற்பத்தைந்து டிகிரியில். கிளாம்ப் ஒன்று மட்டும் போதாது. அடிப்பெட்டியின் சட்டத்திலிருந்து எஃகுக் கம்பி வடம் ஒன்று தனியாகக் கம்பத்தைச் சுற்றி வர வேண்டும், தொங்காமல், விழுந்தாலும் சில அங்குலத்துக்குள் பிடித்துக்கொள்ளும் நீளத்தில்.

முதல் கூத்துக்குக் கொண்டுபோகும் முன் மாலை ஆறு மணிக்கு எல்லா நிறமும் முழு வெளிச்சத்தில், தலை இடைவிடாமல் ஆடும்படி வைத்து விடியும்வரை வீட்டு வாசலில் ஓட்டுங்கள். முதல் மணியில் தெர்மிஸ்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள், நான்காம் மணியிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஹீட்சிங்க் போதவில்லை. காலையில் ஹால் சென்சாரைத் திரும்பத் தேடச் சொல்லுங்கள். எண்ணிக்கை நூறு படிக்கு மேல் தவறியிருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது டிரைவரின் மின்னோட்டம் குறைவு. பிறகு பையில் ஒரு உபரி எஸ்.எம்.பி.எஸ்., ஒரு மோட்டார் டிரைவர், ஒரு விசிறி, நிரல் ஏற்றிய இன்னொரு இ.எஸ்.பி. 32 போர்டு. நான்கு விளக்குக்கு இந்த ஒரு செட் போதும். ஒரு விளக்குக்குப் பத்துச் சேனல் என்பதால் விளக்குகளின் டி.எம்.எக்ஸ். முகவரி (தொடங்கும் சேனல் எண்) 1, 11, 21, 31.